ஸ்டீல் ரோடு பைக் ஏன் ஓரங்கட்டப்பட்டது? 10 மீட்டர் சொல்லும் கதை

2000 அக்டோபர் 27. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உள்ள சைக்கிள் ஓடுதளம். கிறிஸ் போர்ட்மேன் ஒரு மணி நேரம் விடாமல் சுற்றிச் சுற்றி மிதித்தார். மணி முடிந்தபோது அவர் கடந்திருந்த தூரம் 49.441 கிலோமீட்டர். உலக சாதனை.

அவர் முறியடித்தது பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972-ல் மெக்சிகோ நகரில் வைத்த சாதனையை. மெர்க்ஸ் கடந்த தூரம் 49.431 கிலோமீட்டர். 28 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த முன்னேற்றம் வெறும் 10 மீட்டர்!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இதே போர்ட்மேன், இதே மான்செஸ்டரில், 1996-லேயே ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் போயிருந்தார். அப்படியென்றால் நாலே வருடத்தில் அவருக்கு 7 கிலோமீட்டர் எங்கே போச்சு?

விஷயம் காலில் இல்லை, சைக்கிளில் இருந்தது. 1996-ல் அவர் ஓட்டியது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்படி வடிவமைத்த நவீன சைக்கிள். அதன் மேல் கைகளை முன்னால் நீட்டி, உடம்பை மடக்கிப் படுத்தபடி ஓட்டினார். 2000-ல் சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யூசிஐ விதியை மாற்றிவிட்டது. மெர்க்ஸ் காலத்து பாணியில்தான் ஓட்ட வேண்டும்: உருண்டைக் குழாய்கள், கீழே வளைந்த ஹேண்டில்பார், கம்பி போட்ட சக்கரங்கள்.

அந்த 7 கிலோமீட்டருக்குள்தான் ஸ்டீல் ரோடு பைக்கின் வீழ்ச்சிக் கதையும் ஒளிந்திருக்கிறது.

ஸ்டீல்னா கனம்தானே?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்டீல் சைக்கிள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தாத்தா ஓட்டிய, பின்னால் கேரியர் வைத்த, தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும் கறுப்பு சைக்கிள். அதுவும் ஸ்டீல்தான். ஆனால் பந்தய ரோடு பைக்கில் இருந்த ஸ்டீல் வேறு ஜாதி.

மெர்க்ஸ் 1972-ல் சாதனை படைத்த சைக்கிளை இத்தாலியின் எர்னஸ்டோ கொல்னாகோ உருவாக்கினார். ஸ்டீல் ஃபிரேம். மொத்த எடை சுமார் 5.75 கிலோ. பிரேக், கியர் எதுவும் இல்லாத ஓடுதள சைக்கிள் என்பது உண்மைதான். ஆனாலும் இன்று பந்தயத்தில் ஓடும் சைக்கிளுக்கு யூசிஐ வைத்திருக்கும் குறைந்தபட்ச எடை 6.8 கிலோ. அதைவிட ஒரு கிலோ குறைவு, 50 வருடத்துக்கு முன்னால், ஸ்டீலில்!

இது எப்படி முடிந்தது? குழாயில்தான் சூட்சுமம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆணி செய்துகொண்டிருந்த ரெனால்ட்ஸ் குடும்பம், 1897-ல் ஒரு காப்புரிமை வாங்கியது. குழாயின் இரண்டு முனைகளும் தடிமனாக இருக்கும், நடுப்பகுதி மெலிந்திருக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒரே மாதிரி உருண்டைக் குழாய். மற்ற குழாய்களோடு சேரும் இடத்தில்தான் அதிக அழுத்தம் விழுகிறது என்பதால் அங்கே மட்டும் தடிமன். நடுவில் தேவையில்லாத எடை காலி.

1935-ல் அதே நிறுவனம் கொண்டுவந்த '531' என்ற ரகம், மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகு. அடுத்த சில பத்தாண்டுகளுக்குப் பந்தய சைக்கிள் உலகத்தில் இந்த மூன்று எண்கள் ஒரு மரியாதைப் பட்டம் போலவே இருந்தன. ஃபிரேமில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் சைக்கிளின் தகுதியை எடை போடுவார்கள். ஜாகுவார் ஈ-டைப் காரின் முன்பக்கச் சட்டத்திலும் இதே 531 குழாய்கள் இருந்தன. இத்தாலியில் 1919-ல் தொடங்கப்பட்ட கொலம்பஸ் நிறுவனம், இதே தொழிலில் ரெனால்ட்ஸுக்குச் சரிக்குச் சமமான போட்டியாளர்.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு இழை இருக்கிறது. 1980-ல் நெதர்லாந்தின் யோப் சூட்டெமெல்க் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றது 'டிஐ-ராலே' அணிக்காக. அந்த 'டிஐ', டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். ரெனால்ட்ஸும் ராலேவும் அதன் குடைக்குள் இருந்தவை. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு முருகப்பா குழுமம் 1949-ல் கைகோத்து உருவாக்கியதுதான் அம்பத்தூரில் ஆலை அமைத்த டிஐ சைக்கிள்ஸ். தாத்தாவின் ஹெர்குலிஸும் டூர் வென்ற ராலேவும் ஒருவகையில் ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள்!

முதல் அடி: எடையும் விறைப்பும்

சரி, இவ்வளவு நல்ல பொருள் எப்படித் தோற்றது?

அதே அளவுள்ள ஒரு துண்டு ஸ்டீலையும் அலுமினியத்தையும் கையில் எடுத்தால், ஸ்டீல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனம். ஆனால் விறைப்பிலும், அதாவது வளையாமல் நிற்கும் தன்மையிலும், ஸ்டீல் அதே மூன்று மடங்கு. ஆக, எடைக்கு எடை பார்த்தால் இரண்டும் சமம்தான். அப்புறம் அலுமினியத்துக்கு என்ன லாபம்?

லாபம் குழாயின் அகலத்தில் இருக்கிறது. அதே எடை உலோகத்தை வைத்து, குழாயின் விட்டத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் விறைப்பு நாலு மடங்காகும். அகலமான, மெல்லிய குழாய்தான் பொறியியலுக்குப் பிடித்த குழாய். ஸ்டீலில் இதைச் செய்யப் போனால் சுவர் காகிதம் மாதிரி மெலிந்துவிடும். நல்ல பந்தய ஃபிரேமில் குழாயின் நடுப்பகுதி ஏற்கெனவே அரை மில்லிமீட்டர் அளவுதான். இன்னும் மெலிய வைத்தால் சுவரில் சாய்த்து வைக்கும்போதே ஒடுக்கு விழும்.

அலுமினியம் லேசானது என்பதால் அந்தப் பயம் குறைவு. குழாயைத் தாராளமாக அகலப்படுத்தலாம். 1980-களில் அமெரிக்காவில் கேரி கிளைன், கேனண்டேல் போன்றோர் பிடித்த வழி இதுதான். குண்டு குண்டான குழாய்களோடு வந்த அந்த சைக்கிள்களை ஐரோப்பியர்கள் முதலில் கேலிதான் செய்தார்கள். பெடலை மிதித்ததும் துளியும் நெளியாமல் முன்னால் பாய்வதைப் பார்த்த பிறகு கேலி அடங்கியது.

ஸ்டீல் தரப்பு சும்மா இருக்கவில்லை. மேலும் மேலும் பலமான ரகங்கள் வந்தன. ஆனால் இயற்கை ஒரு கட்டை போட்டிருந்தது: எந்த ரக ஸ்டீலாக இருந்தாலும் அதன் விறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். பலம் கூடினால் சுவரை மெலிதாக்கலாம். மெலிதாக்கினால் விறைப்பு குறையும். கையில் இருக்கும் ஒரே வழி அப்படியே ஒரு முட்டுச்சந்தில் போய் நிற்கும்.

1994-ல் ஸ்பெயின் வீரர் மிகேல் இந்துராயின் பெற்ற டூர் டி பிரான்ஸ் வெற்றிதான் ஸ்டீல் ஃபிரேமுக்குக் கிடைத்த கடைசி டூர் வெற்றி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1998-ல் மார்கோ பந்தானி அலுமினிய பியாங்கியில் வென்றார். அதன் பிறகு அலுமினியமும் நிலைக்கவில்லை. பின்னாலேயே கார்பன் வந்து நின்றது.

இரண்டாவது அடி: காற்று

ஒரு சம்பவம். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள். பாரிஸில் முடியும் 24.5 கிலோமீட்டர் தனிநபர் பந்தயம். அமெரிக்காவின் கிரெக் லெமண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். முன்னிலையில் இருந்தவர் பிரான்ஸின் லோரான் ஃபினியோன். லெமண்ட் கைகளை முன்னால் சேர்த்து வைத்துக்கொள்ள உதவும் நீட்டல் ஹேண்டில்பாரையும் காற்றுக்கேற்ற ஹெல்மெட்டையும் பயன்படுத்தினார். ஃபினியோன் ஹெல்மெட் இல்லாமல், குடுமி காற்றில் பறக்க ஓட்டினார். முடிவில் லெமண்ட் ஒட்டுமொத்த டூரையும் 8 விநாடியில் வென்றார். மூன்று வாரம், 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, 8 விநாடி!

அன்றைக்கு சைக்கிள் உலகம் ஒரு பாடம் படித்தது. சமதளத்தில் வேகமாகப் போகிறவரின் பெரிய எதிரி எடை இல்லை, காற்று.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் தனியாகப் போகும்போது செலவாகும் சக்தியில் 80 சதவீதத்துக்கும் மேல் காற்றோடு மல்லுக்கட்டவே போய்விடும். வேகத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டும் என்றால், காற்றை எதிர்க்கும் சக்தியை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போட வேண்டும். இதில் பெரும் பங்கு ஓட்டுபவரின் உடம்பால் வருவது. சைக்கிளின் பங்கு சிறியதுதான். ஆனால் விநாடிக் கணக்கில் வெற்றி தோல்வி முடிவாகும் இடத்தில் சிறிய பங்கும் பெரிதுதான்.

உருண்டைக் குழாய் காற்றுக்கு நல்ல நண்பன் இல்லை. நீர்த்துளி போல முன்னால் உருண்டும் பின்னால் கூர்மையாகவும் இருக்கும் வடிவம்தான் காற்றை வழுக்க விடும். ஸ்டீல் குழாயைக் கொஞ்சம் தட்டையாக்கலாம், நசுக்கலாம். அதற்கு மேல் போனால் எடை ஏறும். கார்பன் ஃபைபர் கதையே வேறு. அது துணி மாதிரி வருகிறது. பிசினோடு சேர்த்து அச்சுக்குள் அடுக்கி, சூட்டில் இறுக்கினால் எந்த வடிவம் வேண்டுமோ அந்த வடிவம். எந்தப் பக்கம் விறைப்பு வேண்டும், எந்தப் பக்கம் கொஞ்சம் நெகிழ வேண்டும் என்பதையும் இழைகளை அடுக்கும் திசையாலேயே முடிவு செய்யலாம்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் போர்ட்மேன் தங்கம் வென்ற லோட்டஸ் சைக்கிளில் குழாய் என்று ஒன்றே கிடையாது. ஒரே வார்ப்பாக வந்த கார்பன் உடல். அதை வடிவமைத்தவர் மைக் பர்ரோஸ்.

கார்பன் உடைந்துவிடும் என்ற பயமும் சீக்கிரமே தீர்ந்தது. பாரிஸ்-ரூபே பந்தயம் கருங்கல் பாவிய கரடுமுரடான பாதைகளுக்குப் பேர் போனது. சைக்கிளை உதறி எடுத்துவிடும். 1995-ல் ஃபிராங்கோ பலெரினி அந்தப் பந்தயத்தை கொல்னாகோ சி40 என்ற கார்பன் சைக்கிளில் வென்றார். அடுத்த வருடம் முதல் மூன்று இடமும் அதே சைக்கிளுக்கு. அதை உருவாக்கியவர் யார்? மெர்க்ஸுக்கு ஸ்டீல் சைக்கிள் செய்து கொடுத்த அதே எர்னஸ்டோ கொல்னாகோ.

மூன்றாவது அடி: ஃபேக்டரி கணக்கு

பந்தயக் களம் மட்டும் காரணம் என்றால் சாதாரண ஆட்கள் ஸ்டீலிலேயே இருந்திருக்கலாம். ஆனால் சந்தையும் மாறியது.

பழைய இத்தாலியப் பட்டறையில் சைக்கிள் வாங்குவது, தையல்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுப்பது மாதிரி. கால் நீளம், கை நீளம் பார்த்து ஃபிரேம் தேர்வாகும். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு அளவு இருக்கும். குழாய்களை வெட்டி, மூட்டுகளில் பித்தளையோ வெள்ளியோ உருக்கி ஊற்றிப் பற்றவைத்து, அரம் போட்டு இழைத்து முடிக்கும் வேலை. ஒரு ஆள், ஒரு டார்ச், நல்ல கை இருந்தால் போதும்.

1990-களின் பிற்பகுதியில் அதே மைக் பர்ரோஸ், தைவானின் ஜெயன்ட் நிறுவனத்துக்காக டிசிஆர் என்ற சைக்கிளை வடிவமைத்தார். மேல் குழாய் பின்பக்கமாகச் சரிந்து இறங்கும். சீட்டைத் தாங்கும் கம்பியை ஏற்றி இறக்கி, ஹேண்டில்பாரை மாற்றி, ஒரே ஃபிரேமைப் பலருக்கும் பொருத்திவிடலாம். பத்துப் பன்னிரண்டு அளவுகளுக்குப் பதில் சட்டை மாதிரி ஸ்மால், மீடியம், லார்ஜ்.

கார்பனுக்கு இது வரமாகப் போனது. ஏன்னா கார்பனில் ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சு வேண்டும். அச்சு விலை அதிகம். அளவு குறைந்தால் அச்சும் குறையும். ஒரு அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் எடுத்தால் அடக்க விலையும் இறங்கும். ஸ்டீலுக்கோ உழைப்புதான் முக்கால்வாசி செலவு. எத்தனை ஃபிரேம் செய்தாலும் ஒவ்வொன்றுக்கும் அதே நேரம், அதே கை. இன்று கைவினைஞர் செய்யும் நல்ல ஸ்டீல் ஃபிரேம், பல கார்பன் ஃபிரேம்களுக்குச் சமமான விலை சொல்வது இதனால்தான்.

நான்காவது அடி: பாகங்கள் கைவிட்டன

இது சத்தமில்லாமல் விழுந்த அடி. பழைய ஸ்டீல் ரோடு பைக்கை ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்று அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்.

ஃபிரேம் தனியாக ஓடாது. பிரேக், கியர், சக்கரம், டயர் எல்லாம் அதோடு பொருந்த வேண்டும். 2018-ல் யூசிஐ சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை முழுமையாக அனுமதித்தது. அதோடு ரோடு பைக்கின் உடலமைப்பே மாறியது. 1980-களின் ஸ்டீல் ஃபிரேமில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 126 மில்லிமீட்டர். பிறகு 130 ஆனது. இப்போதைய டிஸ்க் சைக்கிள்களில் 142. முன்பு 23 மில்லிமீட்டர் டயர் வழக்கமாக இருந்தது. இப்போது 28, 30 சாதாரணம். பல பழைய பந்தய ஃபிரேம்களுக்குள் இந்த டயர் நுழையவே நுழையாது. கேபிள்கள் ஹேண்டில்பாருக்குள் புகுந்து, ஃபிரேமுக்குள்ளேயே ஓடுகின்றன. மெல்லிய பழைய ஸ்டீல் குழாயில் அதற்கு இடம் ஏது?

ஷிமானோ நிறுவனத்தின் '105' தொகுதி, நடுத்தர விலை ரோடு பைக்குகளின் முதுகெலும்பு போன்றது. அதன் 12 கியர் பதிப்பு டிஸ்க் பிரேக்குக்கு மட்டுமே வருகிறது. பழைய பாணி பிரேக் உள்ள ஃபிரேம் வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

புதிதாக டிஸ்க் பிரேக்கோடு ஸ்டீல் ரோடு பைக் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது முன்ஃபோர்க்கின் ஒரு காலில் பெரும் விசை விழும். அதைத் தாங்க ஸ்டீல் ஃபோர்க்கைக் கனமாக்க வேண்டும். அதனால் பல ஸ்டீல் ரோடு பைக்குகளிலேயே ஃபோர்க் கார்பனாகிவிட்டது.

அப்போ ஸ்டீல் மோசமா?

இங்கேதான் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட வேண்டும்.

நல்ல கார்பன் ஃபிரேம் ஒரு கிலோவுக்குள் வரும். நல்ல ஸ்டீல் ஃபிரேம் 1.6 முதல் 2 கிலோ. வித்தியாசத்தை ஒரு கிலோ என்றே வைத்துக்கொள்வோம். பிரான்ஸின் புகழ்பெற்ற ஆல்ப் தூவே மலைப்பாதை சுமார் 1,100 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, தொடர்ந்து 200 வாட் சக்தி கொடுக்கக்கூடிய சாதாரண ஆள் என்றால், மேலே போய்ச் சேர ஏறக்குறைய 80 நிமிடம் ஆகும். கூடுதல் ஒரு கிலோவுக்காக அவர் இழப்பது? சுமார் ஒரு நிமிடம்.

400 வாட் கொடுக்கும் தொழில்முறை வீரருக்கு இழப்பு கிட்டத்தட்ட அரை நிமிடம். 8 விநாடியில் டூர் கைமாறும் உலகத்தில் அரை நிமிடம் என்பது வாழ்க்கை. ஞாயிற்றுக்கிழமை காலை ஈசிஆரில் 60 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இட்லி சாப்பிடப் போகிறவருக்கு? ஒரு கிலோ என்பது இரண்டு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான்.

ஆனால் ஸ்டீல் ரசிகர்கள் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 'ஸ்டீலுக்கு ஒரு உயிர் இருக்கு, குலுக்கலை வாங்கிக்கும்' என்பது அடிக்கடி கேட்கும் வசனம். முக்கோணங்களால் ஆன சைக்கிள் ஃபிரேம், எந்த உலோகமானாலும், மேலும் கீழுமாக மிகக் குறைவாகத்தான் அசையும். குலுக்கலை வாங்கிக்கொள்ளும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது டயரும் அதன் காற்றழுத்தமும். 23 மில்லிமீட்டர் டயரை இறுக்கி ஓட்டும் ஸ்டீல் சைக்கிளைவிட, 30 மில்லிமீட்டர் டயரில் அளவாகக் காற்றடித்த கார்பன் சைக்கிள் உடம்புக்கு இதமாக இருக்கும்.

ஸ்டீலின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, அது முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் உடையும். வளையும், விரிசல் விடும், 'கிறீச்' என்று சத்தம் கொடுக்கும். கார்பன் விழுந்து அடிபட்டால் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம்.

இரண்டு, ஒரு அளவுக்குக் கீழே உள்ள அழுத்தத்தை ஸ்டீல் எத்தனை லட்சம் தடவை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்தக் குணம் கிடையாது. சின்னச் சின்ன அழுத்தமும் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் அதைக் களைப்படையச் செய்துவிடும்.

மூன்று, அதைப் பழுது பார்க்கலாம். வளைந்ததை நிமிர்த்தலாம். கெட்டுப்போன ஒரு குழாயை மட்டும் கழற்றிவிட்டு வேறு பற்றவைக்கலாம். 126 மில்லிமீட்டர் இடைவெளியை மெதுவாக விரித்து 130 ஆக்கி, புதுச் சக்கரம் போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். கார்பனிலோ அலுமினியத்திலோ இதைச் செய்யப் போனால் ஃபிரேமுக்கு அஞ்சலிதான். (ஒரு எச்சரிக்கை: பந்தய ஃபிரேமின் சுவர் மிக மெலிது. தெருமுனை கேட் வெல்டிங் கடையில் கொடுத்தால் ஓட்டை விழுந்துவிடும். சைக்கிள் ஃபிரேம் வேலை தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.)

நான்கு, ஆயுள் முடிந்தால் உருக்கி மறுபடி ஸ்டீலாக்கலாம். பிசினோடு இறுகிப்போன கார்பனை அப்படிப் பிரித்தெடுப்பது சுலபமல்ல.

துரு மட்டும்தான் பரம எதிரி. கடற்கரை ஊர்க்காரர்கள் ஃபிரேமின் உள்பக்கத்தையும் கவனிக்க வேண்டும்.

இன்னும் எங்கே ஓடுகிறது?

2013-ல் பிரிட்டனின் மேடிசன் ஜெனிசிஸ் அணி, ரெனால்ட்ஸின் 953 என்ற துருப்பிடிக்காத ஸ்டீலில் செய்த சைக்கிள்களோடு தொழில்முறைப் பந்தயங்களில் இறங்கியது. ஸ்டீலால் இன்னும் முடியும் என்று காட்டிய முயற்சி அது. ஆனால் அந்தப் பாதையில் பெரிய அணிகள் யாரும் பின்தொடரவில்லை.

ஜப்பானில் நிலைமை தலைகீழ். அங்கே 1948-ல் தொடங்கிய கெய்ரின் என்ற ஓடுதளப் பந்தயத்தில் மக்கள் பணம் கட்டுவார்கள். பணம் விளையாடும் இடத்தில் சைக்கிளால் யாருக்கும் சாதகம் வந்துவிடக் கூடாது. அதனால் ஆண்கள் போட்டியில் அங்கீகாரம் பெற்ற ஸ்டீல் ஃபிரேம்கள் மட்டுமே. அந்த விதிதான் அங்குள்ள ஃபிரேம் பட்டறைகளுக்குச் சோறு போடுகிறது. 2012-ல் தொடங்கிய பெண்கள் கெய்ரினில் கார்பனுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது.

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் 1997 முதல் நடக்கும் 'எரோய்கா' விழா, 1987-க்கு முந்தைய பாணி சைக்கிள்களுக்கானது. மண் சாலை, கம்பளி ஜெர்சி, பழைய ஸ்டீல் ஃபிரேம். முதல் வருடம் 92 பேரோடு தொடங்கியது, இன்று உலகம் முழுக்க ஆட்களை இழுக்கிறது.

நெடுந்தூர ஓட்டக்காரர்களிடமும் ஸ்டீலுக்கு மதிப்பு குறையவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், சுமார் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ஓட்டம். அங்கே முதல் ஆளாக வருவதற்குப் பரிசு கிடையாது. முடிப்பதுதான் பரிசு. சமீபத்திய ஓட்டங்களில் இந்தியாவிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் கலந்துகொண்டார்கள். இப்படிப்பட்ட ஓட்டத்தில் சாமான்களைக் கட்டிக்கொண்டு, ராத்திரி மழையில், ஊர் பேர் தெரியாத சாலையில் போகும்போது, விநாடியை மிச்சம் பிடிப்பதைவிட நடுவழியில் கைவிடாத சைக்கிள் முக்கியம்.

வாங்கப் போறீங்களா?

மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுப் பாருங்கள்.

பந்தயத்தில் ஓடுகிறீர்களா, அல்லது வேகமான குழுவோடு மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போக ஆசையா? கார்பனுக்கே போகலாம். காற்றும் எடையும் அங்கே உண்மையான விஷயங்கள்.

குறைந்த பட்ஜெட்டில் முதல் ரோடு பைக்கா? இன்றைய நிலையில் அலுமினியம்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். கடைகளில் அதிகம் கிடைப்பதும் அதுதான்.

ஒரே சைக்கிளில் ஆபீஸ், நெடுந்தூரம், ஊர் சுற்றல் எல்லாம் வேண்டுமா? பத்துப் பதினைந்து வருடம் வைத்திருக்க நினைக்கிறீர்களா? அப்படியானால் அகலமான டயர் நுழையும், டிஸ்க் பிரேக் உள்ள புது ஸ்டீல் சைக்கிளை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பழைய ஸ்டீல் ஃபிரேம் வாங்குவதாக இருந்தால், விலை பேசும் முன் பின்சக்கர இடைவெளி எவ்வளவு, எந்த டயர் நுழையும், சீட் கம்பி துருப்பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள். பிறகு பாகம் தேடி அலையும் வேலை மிச்சம்.

ஸ்டீல் தோற்றது ஒரு குறிப்பிட்ட தேர்வில். அந்தத் தேர்வின் கேள்வித்தாள், 8 விநாடியில் பந்தயம் கைமாறும் வீரர்களுக்காக எழுதப்பட்டது. அதில் எடைக்கும் காற்றுக்கும் மார்க் உண்டு. 20 வருட உழைப்புக்கோ, பழுது பார்க்க முடிவதற்கோ மார்க் கிடையாது. பந்தயம் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கமே ஆலைகளும் பாகங்களும் கடைகளும் போய்விட்டன. பந்தயமே ஓடாதவரும் அந்தத் தேர்வின் முடிவைத்தான் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்.

மான்செஸ்டரில் அன்று போர்ட்மேன் நிரூபித்தது ஒன்றுதான். இடையில் வந்த 7 கிலோமீட்டர், வடிவமைப்பு கொடுத்தது. அது உங்களுக்குத் தேவையா என்பது, நீங்கள் எங்கே, எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.